இதழுக்கு எழுதுவோர் இரவலர் அல்லர்

பகலெல்லாம் பிறிதொரு பணி செய்து, இரவில் கண்விழித்து ஒரு கட்டுரையையோ சிறுகதையையோ எழுதி முடித்து, அதனை ஒரு பொது இதழுக்கு அனுப்பி வைக்கின்ற தமிழ் எழுத்தாளன் எந்நிலையில் நிற்கின்றான்? கொடுப்போன் நிலையிலா? கேட்போன் நிலையிலா? இவ்வினாவிற்குரிய விடை தெளிவாகாமையாலேயே தமிழ் இதழுலகில் பல சிறுமைகள் நிலைபெற்றுவிட்டன.

இதழ் நடத்துவோருள் பலர் அவனைக் கேட்போனாகவே கருதுகின்றனர். அதனினும் வருந்தத்தக்கது, அவனும் தன்னை அவ்வாறே கருதிக்கொள்வது. வெளியிட்டால், "பெயரை அச்சில் பார்த்தாயிற்று, அதுவே போதும்" என்று நிறைவு கொள்கின்றான். வெளியிடாவிடின், "தெரிந்தவர் எவரும் அங்கில்லை, அதனால் தள்ளிவிட்டார்கள்" என்று நொந்துகொள்கின்றான். இவ்விரண்டும் இரவலனுடைய உள்ளப்பாங்குகளே.

உண்மை நிலை வேறு. அச்சும் தாளும் விற்பனையும் இதழாளருடையன. கருத்தும் சொல்லும் உழைப்பும் எழுதியவனுடையன. ஒன்றின்றி மற்றொன்று இயங்காது. ஆகவே இஃது ஈவோனுக்கும் இரப்போனுக்கும் இடையிலுள்ள உறவன்று. ஒத்த இருவர் கூடிச் செய்யும் ஒரு வினை. அவ்வினையில் இருபாலார்க்கும் உரிமை உண்டு; இருபாலார்க்கும் கடமையும் உண்டு.

பழந்தமிழர் முறை

படைப்பைப் பிறர் முன் வைத்து அவர் ஏற்பினைப் பெறுதல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. அதற்கு அரங்கேற்றம் என்று பெயரிட்டுப் போற்றிய இனம் இது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனது அவையில் அரங்கேறியதையும், அதங்கோட்டாசான் அதனைக் கேட்டதையும், பனம்பாரனார் இயற்றிய பாயிரம் தெரிவிக்கின்றது. அவ்வரங்கேற்ற முறையில் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன. முதலாவது, நூல் முழுவதும் கேட்கப்பட்டது. இரண்டாவது, கேட்டவர் அத்துறையில் வல்லவர். மூன்றாவது, குறையென்று தோன்றியது முகத்திற்கு நேரே சொல்லப்பட்டது. அதற்கு விடையிறுக்கும் வாய்ப்பு நூலாசிரியனுக்கு இருந்தது.

முழுவதும் கேட்டல், வல்லார் கேட்டல், குறையைச் சொல்லல் என்னும் இம்மூன்றும் இன்றைய இதழ் அலுவலகங்களில் எந்த அளவிற்கு உள்ளன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதற்பத்தியைக் கூடப் படியாது ஒதுக்கப்பட்ட கட்டுரைகள் எத்தனை! வேளாண்மையைப் பற்றிய கட்டுரையை வயலையே பாராத ஒருவர் அறுக்கின்ற நிலை எத்துணை! குறை இன்னதென்று ஒரு வரி எழுதப்பெற்றுத் திரும்பியவை மிகச் சிலவே.

கழகக் காலத்துப் பெருஞ்சித்திரனார் வரலாறு இங்கு எண்ணத்தக்கது. பரிசில் வேண்டி அதியமானிடம் சென்றார் அப்புலவர். அவன் அவரை நேரில் காணாமலே, "இதனைக் கொண்டு செல்க" என்று பரிசிலை அனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம் தகுதியை அறிந்து கொடுப்பது சிறிதாயினும் போதும். காணாது கொடுப்பது எத்துணைப் பெரிதாயினும் வேண்டா என்பது அவர் கொள்கை. புறநானூற்றின் 208ஆம் பாட்டு இச்செய்தியைக் கொண்டுள்ளது. அவர் பொருளை வெறுத்தவரல்லர், வறுமையில் உழன்றவரே. ஆயினும், காணப்படுதலே முதற்பரிசில் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்றைய எழுத்தாளன் கேட்க வேண்டுவதும் அதுவே. "வெளியிடுக" என்று கேட்பது இரத்தல். "படித்துப் பார்த்து முடிவு சொல்லுக" என்று கேட்பது உரிமை.

வெளியிலிருந்து வந்தோர்

இதழ்கள் தம் அலுவலகத்துள் இருப்போரால் மட்டும் வளர்ந்தனவல்ல. ஆனந்த விகடன் 1926ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 1928ஆம் ஆண்டில் வாசன் கைக்கு வந்தது. அவ்விதழுக்குப் பின்னாளில் ஆசிரியரான கிருட்டிணமூர்த்தி, முதலில் அதற்கு வெளியாளாகவே எழுதினார். திரு.வி.க. நடத்திய 'நவசக்தி'யில் பணியாற்றிய காலத்தே, 'கல்கி' என்னும் புனைபெயரில் அவர் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைகளே அவரை அங்குக் கொண்டு சேர்த்தன. 1941ஆம் ஆண்டில் அப்புனைபெயரே ஓர் இதழுக்குப் பெயராயிற்று. அவருடைய மொழிநடையோடு மாறுபடுவோரும் மறுக்கவியலாத செய்தி இது.

தொடர்வண்டி அஞ்சற் பிரிவில் பணியாற்றிய அகிலனுக்குப் பெயர் தந்தது, 'கலைமகள்' நடத்திய புதினப் போட்டி. அதில் பரிசு பெற்ற 'பெண்' அவருடைய முதற்புதினம். 1975ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசு அவருக்குக் கிடைத்தது. பள்ளித் தமிழாசிரியராக இருந்த பாவாணரின் மொழியாராய்ச்சிக் கட்டுரை 1931ஆம் ஆண்டில் 'செந்தமிழ்ச் செல்வி'யில் வெளிவந்தது. அவ்விதழ் இடந்தராதிருந்தால் அவர் ஆய்வு நின்றிருக்குமென்று கூற இயலாது. ஆயினும் அது கற்றோர் கண்ணில் படுதற்கு ஓர் இதழே வாயிலாயிற்று.

இம்மூவரும் கொள்கையால் வெவ்வேறு திசையினர். அவர்க்குள் பொதுவானது, தம் படைப்பைப் பிறர் நடத்திய இதழின் முன் வைத்தமையே.

இங்குத் தமிழுணர்வாளர் சிந்திக்க வேண்டிய ஒன்றுண்டு. பேரிதழ்கள் இடந்தாராமையால் தனியிதழ் தொடங்குவது ஒரு நல்வழியே. சி.சு. செல்லப்பா 1959ஆம் ஆண்டில் 'எழுத்து' என்னும் இதழைத் தொடங்கித் திறனாய்வையும் புதுப்பாக்களையும் வளர்த்தார். 1970 வரை அதனை அரும்பாடுபட்டு நடத்தினார். தனித்தமிழ் இதழ்கள் பலவும் அவ்வாறு ஈகத்தால் நடந்தவையே. ஆனால், நல்ல தமிழ் எழுதத் தெரிந்தோர் அனைவரும் தம் இதழ்களில் மட்டுமே எழுதினால், படிப்போர் யார்? முன்னரே உடன்பட்டவரே மீண்டும் படித்து மீண்டும் உடன்படுவர். முடிதிருத்தகத்திலும் மருத்துவமனையின் காத்திருப்பு அறையிலும் பேருந்து நிலையத்திலும் பொது இதழைப் புரட்டுகின்ற மக்கள் நல்ல தமிழைக் காணும் வாய்ப்பே இல்லாமற்போகும். ஆதலின் பொது இதழ்களுக்கு எழுதுதல் கொள்கையை விட்டுக்கொடுப்பதன்று. கொள்கையைத் தெருவிற்குக் கொண்டு செல்வதாகும்.

தள்ளப்படுவதன் கரணியங்கள்

தமிழன்பர் சிலர் ஒரு கட்டுரையை அனுப்புவர், அது வெளிவராது, உடனே, "தமிழ்ப்பகையால் தள்ளிவிட்டனர்" என்பர். அத்தகைய பகை எங்கும் இல்லையென்று எவரும் உறுதி கூறார். ஆயினும் தள்ளப்பட்டவை யாவும் பகையாலேயே தள்ளப்பட்டன என்பது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதாகும். இக்கூற்று எழுதுவோனை வளரவிடாது. அவன் பிழையை அவனுக்கு மறைத்துவிடும்.

நன்னூல், நூலுக்கு ஆகாத குற்றங்களை வகுத்துரைக்கின்றது. அவற்றுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்னும் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இதழ்களுக்குச் செல்லும் கட்டுரைகளை ஆய்ந்தாலே போதும். ஏரியைப் பற்றிய கட்டுரை எனத் தலைப்பிட்டு, முதல் இரண்டு பக்கங்களில் தமிழின் தொன்மையையும் மூவேந்தர் பெருமையையும் கூறி, மூன்றாம் பக்கத்தின் அடியில் ஏரிக்கு வருபவர் எத்தனை பேர்! அது மிகைபடக் கூறல். ஏரி எங்குள்ளது, எவ்வளவு நிலத்திற்குப் பாய்ந்தது, எவ்வாண்டில் தூர்ந்தது என்பவற்றைச் சொல்லாமலே விடுவது குன்றக் கூறல். "பழைமையைக் காக்க வேண்டும்" என்று நான்கு பத்திகளிலும் நான்கு முறை சொல்வது கூறியது கூறல். இக்குற்றங்களை உடைய கட்டுரையைத் தள்ளும் ஆசிரியர் தமிழ்ப்பகைவர் அல்லர். நன்னூலைப் படித்தவராகவும் இருக்கலாம்.

பிறிதொரு குறை, புதுச்சொற்களைப் பொருள் விளங்காவண்ணம் அடுக்குவது. தூய தமிழ் என்பது அரிய தமிழ் அன்று. மக்கள் வாயில் வழங்கும் தூய சொற்களே ஆயிரக்கணக்கில் உள்ளன. ஏரியைப் பற்றி எழுதுவோன் மதகு, தூம்பு, கலிங்கு, வரத்துக்கால், நீர்க்கட்டி என்னும் சொற்களை உழவரிடமிருந்தே பெறலாம். அகரமுதலியைத் தேடிப் புதுச்சொல் படைக்க வேண்டிய இடம் மிகச் சிறிது. படைத்த சொல்லை ஆளுமிடத்தும், அச்சொற்றொடரிலேயே பொருள் விளங்குமாறு அமைத்தல் எழுதுவோன் கடமை.

அனுப்பும் முறை

படைப்பை அனுப்புதலும் ஒரு கலையே. அதனைக் கற்றுக்கொள்ளாமல் குறை கூறுவதிற் பயனில்லை.

முதலாவது, எந்த இதழுக்கு எழுதுகின்றானோ அந்த இதழின் அண்மை வெளியீடுகள் ஆறையாவது முழுவதும் படித்தல் வேண்டும். கட்டுரைகள் எத்தனைப் பக்க அளவின, எப்பகுதிகள் அலுவலகத்தாரால் எழுதப்படுகின்றன, எவை வெளியார்க்குத் திறந்துள்ளன என்பவை அதனால் விளங்கும். ஒரு பக்க அளவில் வெளியிடும் இதழுக்குப் பத்துப் பக்கக் கட்டுரையை அனுப்பி, "சுருக்கிக்கொள்க" என்று எழுதுவது, ஆசிரியரைத் தன் ஏவலாளாகக் கொள்வதாகும்.

இரண்டாவது, காலம். பொங்கல் மலருக்குரிய கட்டுரையைப் பொங்கலுக்கு முந்திய கிழமையில் அனுப்புவோர் உள்ளனர். மலர்கள் பல கிழமைகளுக்கு முன்னரே உருப்பெற்றுவிடும். கிழமையிதழும் விற்பனைக்கு வருமுன்னரே அச்சேறிவிடும். ஒரு நாளோடு தொடர்புடைய கட்டுரையை இரண்டு மூன்று திங்களுக்கு முன்னரே அனுப்புதல் அறிவுடைமை.

மூன்றாவது, எழுத்து வடிவம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், ஓரம் விட்டு, வரிகளுக்கிடையே இடம் விட்டு எழுதுதல் பழைய நெறி. திருத்துவோர்க்கும் அச்சுக்கோப்போர்க்கும் உதவியாக அமைந்த நெறி அது. இன்று பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே படைப்புகள் செல்கின்றன. இங்கு எழுத்துருச் சிக்கல் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியீட்டில் எழுத்துருவை அமைத்தமையால், ஒருவர் தட்டச்சிட்டது மற்றவர் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிய காலம் ஒன்றிருந்தது. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு விசைப்பலகைக்கும் குறியீட்டிற்கும் பொதுமுறை வகுத்தது. 2010ஆம் ஆண்டில் ஒருங்குகுறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆதலின் ஒருங்குகுறியில் தட்டச்சிட்டு அனுப்புவதே எவர்க்கும் படிக்கக் கிடைக்கும் வழி.

நான்காவது, உடன் அனுப்பும் மடல். அதில் படைப்பின் தலைப்பு, சொற்களின் தொகை, எழுதியவர் பெயர், முகவரி, தொலைப்பேசி எண், இது தம் சொந்தப் படைப்பே என்னும் உறுதி, முன்னர் எங்கும் வெளிவரவில்லை என்னும் செய்தி ஆகியவை போதும். ஆசிரியரைப் புகழ்ந்து ஒரு பக்கமும், தம் வறுமையைக் கூறி ஒரு பக்கமும் எழுதுதல் வேண்டா. அவ்விரண்டு பக்கங்களும் எழுத்தாளனை இரவலனாக்குவன.

ஐந்தாவது, படி வைத்துக்கொள்ளல். கையெழுத்தின் ஒரே படியை அனுப்பிவிட்டு அது தொலைந்ததென்று அழுவோர் உள்ளனர். ஒரு படியும், அனுப்பிய நாளின் குறிப்பும் கையில் இருத்தல் வேண்டும். ஒரே படைப்பை ஒரே காலத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புதல் கூடாது. இரண்டிலும் வெளிவந்தால் இழுக்கு இருவர்க்கும் நேரும்.

ஆசிரியரின் கடமை

எழுதுவோன் இவற்றையெல்லாம் செய்தபின், ஆசிரியர்பால் எதிர்பார்ப்பதற்கு உரிமையுடையவனாகின்றான். முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறையை உடன் வைத்தாலன்றித் திருப்பியனுப்புவதில்லை என்பது பழைய இதழ்கள் பலவற்றின் அறிவிப்பு. அதில் முறைகேடு இல்லை. திருப்பும் செலவை அனுப்பியவன் ஏற்பது தக்கதே. ஆனால், தேர்ந்தெடுக்கப்பெறாதவை பற்றி எவ்வகை மறுமொழியும் இல்லை என்னும் அறிவிப்பு முறையானதன்று. அது கேட்போன் செவியை மூடிக்கொண்டு அரங்கேற்றம் நடத்துவதை ஒக்கும்.

ஆசிரியர் பக்கத்தும் வழக்குண்டு. வருவன மலையாகக் குவிகின்றன. படிப்போர் இருவரோ மூவரோ. ஒவ்வொன்றிற்கும் குறை காட்டி மடல் எழுதினால் இதழ் வெளிவாராது. இது மெய்யே. ஆகவே எழுத்தாளர் கேட்க வேண்டுவது திறனாய்வுரை அன்று. இரண்டே செய்திகள் போதும். படைப்பு வந்து சேர்ந்தது என்னும் ஒரு வரி. இத்தனை நாட்களுக்குள் முடிவு வாராவிடின் பிறர்க்கு அனுப்பிக்கொள்ளலாம் என்னும் ஓர் எல்லை. முதலாவதை மின்னஞ்சல் தானே அனுப்பிவிடும். இரண்டாவதை இதழின் ஒரு மூலையில் ஒருமுறை அச்சிட்டால் முடிந்தது. எழுதியவனைக் காலவரையின்றிக் காத்திருக்கச் செய்வது, வாங்காத பொருளுக்குப் பூட்டிடுவதாகும்.

எல்லை கூறப்படாதவிடத்து, எழுத்தாளனே அதனை வகுத்துக்கொள்ளலாம். அனுப்பும் மடலிலேயே, "மூன்று திங்களுக்குள் தங்கள் முடிவு கிடைக்காவிடின் இதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கொள்க" என்று ஒரு வரி எழுதிவிட்டால், அவன் கட்டுண்டவன் ஆகான். பணிவு குறையாமலும் தாழ்வு கொள்ளாமலும் எழுதக்கூடிய வரி அது.

திருத்தமும் சிதைவும்

படைப்பைத் திருத்தும் உரிமை ஆசிரியர்க்கு உண்டா? உண்டு. எழுத்துப்பிழை களைதல், இடத்திற்கேற்பச் சுருக்குதல், தவறான செய்தியைக் காட்டித் திருத்தச் செய்தல் ஆகியவை ஆசிரியர் தொழிலே. நல்ல திருத்தத்தால் மேன்மையுற்ற கட்டுரைகள் பல. தன் எழுத்தில் ஒரு புள்ளியையும் மாற்றலாகாது என்பவன் இதழுக்கு எழுதத் தக்கவனல்லன்.

ஆனால் திருத்தம் வேறு, சிதைவு வேறு. ஓர் ஊர்ப்புற ஆசிரியர் தம் ஊர் ஏரியைப் பற்றிக் கட்டுரை எழுதினார் எனக் கொள்க. 'மதகு' என்று அவர் எழுதியதை அலுவலகத்தார் 'சட்டர்' என மாற்றுகின்றனர். 'கலிங்கு' என்பதனை 'ஓவர்புளோ' என மாற்றுகின்றனர். 'நீர்க்கட்டி' என்பதனை 'வாட்டர்மேன்' ஆக்குகின்றனர். கேட்டால், "படிப்போர்க்கு விளங்க வேண்டும்" என்கின்றனர். எந்தப் படிப்போர்க்கு? ஏரிக்கரையில் வாழ்வோர்க்கு அவர்தம் சொல்லே விளங்கும். நகரத்தார்க்கு விளங்காவிடின் ஒரு சொல்லால் விளக்கிவிட்டு அச்சொல்லையே ஆளலாம். அதனை எடுத்தெறிந்தால் ஒரு சொல் மட்டும் போவதில்லை. மிகுநீரைக் கரைக்கு ஊறின்றி வெளிப்போக்கும் அமைப்பு அது என்னும் அறிவும், அதனைக் கட்டியவர் கைத்திறனும், நீரை முறைவைத்துப் பங்கிட்ட ஊர்க்கட்டுப்பாடும் உடன் போகின்றன. எழுதியவர் பெயரோ கட்டுரையின் கீழே நிற்கின்றது. தாம் எழுதாத மொழிக்கு அவர் பொறுப்பாளியாகின்றார்.

இதற்கு வழக்குரைப்பதற்கு வெறும் உணர்ச்சி போதாது. சட்டம் துணையாக நிற்கின்றது என்பதை எழுதுவோர் அறிதல் வேண்டும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்து 57ஆம் பிரிவு, படைப்பாளிக்குச் சிறப்புரிமை இரண்டினை வழங்குகின்றது. படைப்புத் தன்னுடையதெனக் கூறிக்கொள்ளும் உரிமை ஒன்று. தன் மதிப்பிற்கோ நற்பெயருக்கோ ஊறு நேருமாறு அதனைச் சிதைப்பதைத் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் உள்ள உரிமை மற்றொன்று. பதிப்புரிமையைப் பிறர்க்கு எழுதிக்கொடுத்த பின்னரும் இவ்வுரிமைகள் படைப்பாளியிடமே நிற்கும். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தம் புதினம் திரைப்படமாக்கப்பட்டபொழுது சிதைக்கப்பட்டதெனத் தொடுத்த வழக்கில், 1986ஆம் ஆண்டில் தில்லி உயர் முறைமன்றம் இப்பிரிவின் ஆற்றலை விளக்கியது. பணவுரிமைக்கு அப்பாற்பட்ட தனிநிலை ஒன்றினை இப்பிரிவு படைப்பாளிக்குத் தருகின்றது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஒவ்வொரு சொல்மாற்றத்திற்கும் முறைமன்றம் செல்ல இயலாது, செல்லவும் வேண்டா. மடலிலேயே, "எழுத்துப்பிழை நீக்கலும் சுருக்கலும் தங்கள் விருப்பம், சொற்களை மாற்றுவதாயின் முன்னரே தெரிவிக்க" என்று எழுதிவிடுக. பெரும்பாலான சிதைவுகள் பகையால் நேர்வனவல்ல, கேட்பாரின்மையால் நேர்வன. கேட்பவன் ஒருவன் உளன் எனத் தெரிந்தால் கைகள் தாமே நிற்கும்.

உரிமையும் ஊதியமும்

ஒரு படைப்பை இதழுக்கு அனுப்பியதனாலேயே அதன் உரிமை முழுவதும் இதழுக்குச் சென்றுவிடுவதாகப் பலர் நம்புகின்றனர். பின்னர்த் தம் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்க விரும்பினால், அவ்விதழிடமே கைகட்டி நின்று இசைவு கேட்கின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. அதன் 17ஆம் பிரிவின்படி படைப்பின் முதல் உரிமையாளர் படைத்தவரே. இதழில் ஊதியத்திற்குப் பணிபுரிவோர் அப்பணியின்பொருட்டு எழுதுவதற்கே வேறு நெறி உண்டு. அதிலும், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, இதழில் வெளியிடும் அளவிற்கே இதழாளர்க்கு உரிமை. வெளியிலிருந்து எழுதுவோன் பணியாளன் அல்லன்.

உரிமையைக் கையளிப்பதாயின் அது எழுத்தில், கையளிப்பவர் கையொப்பத்தோடு இருத்தல் வேண்டும் என்கின்றது 19ஆம் பிரிவு. எந்தப் படைப்பு, எவ்வெவ்வுரிமை, எத்தனை ஆண்டு, எந்நிலப்பரப்பு, என்ன தொகை என்பன அதில் குறிக்கப்பெறல் வேண்டும். காலம் குறிக்காவிடின் 5 ஆண்டு எனவும், நிலப்பரப்புக் குறிக்காவிடின் இந்தியா மட்டும் எனவும் கொள்ளப்படும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பெற்றவர் ஓராண்டிற்குள் அவ்வுரிமையைப் பயன்படுத்தாவிடின் அஃது இற்றுப்போகும். உரிமையோ படைத்தவர் வாழ்நாள் முழுவதும் நின்று, அவர் மறைவிற்குப் பின் 60 ஆண்டுகள் தொடர்வது. 1992ஆம் ஆண்டின் திருத்தத்திற்கு முன் அது 50 ஆண்டுகளாக இருந்தது. பேரன் காலம் வரை நிற்கக்கூடிய ஓர் உடைமையை, இதழ் அனுப்பும் படிவத்தைப் படியாமலே கையொப்பமிட்டு விட்டுவிடுதல் எத்துணைப் பேதைமை! "முதன்முறை வெளியிடும் உரிமை மட்டும் தரப்படுகின்றது" என்று மடலில் எழுதுவது எளிது. எழுதியதைக் காப்பது அதனினும் எளிது.

"என் கருத்தைத் திருடிவிட்டனர்" என்னும் குற்றச்சாட்டில் மட்டும் எழுதுவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். கருத்திற்குப் பதிப்புரிமை இல்லை. அக்கருத்தைச் சொன்ன வடிவத்திற்கே உரிமை உண்டு. நாடகம் ஒன்றிற்கும் திரைப்படம் ஒன்றிற்கும் இடையில் எழுந்த வழக்கில் 1978ஆம் ஆண்டில் இந்திய உச்ச முறைமன்றம் இதனைத் தெளிவாக்கியது. ஏரியைப் பற்றி இருவர் எழுதலாம். ஒருவர் எழுதிய சொற்களையும் அமைப்பையும் மற்றவர் எடுத்துக்கொள்ளல் ஆகாது.

ஊதியம் கேட்பதில் எழுத்தாளர்க்கு ஒரு கூச்சம் உள்ளது. கலைமகளை விற்பதாகாதா என்று சிலர் வினவுவர். தாள் விற்றவர்க்கும் மை விற்றவர்க்கும் அச்சிட்டவர்க்கும் கடைக்காரர்க்கும் பணம் கொடுக்கும் இதழ், அத்தாளில் அச்சிட ஒரு பொருள் தந்தவனுக்குக் கொடுப்பது எவ்வாறு விற்பனையாகும்? தொண்டாக நடக்கும் சிற்றிதழுக்குத் தொண்டாக எழுதுக, அது பெருமை. விளம்பரத்தால் பொருளீட்டும் இதழுக்குத் தொண்டாக எழுதுவது பெருமையன்று. எவ்வளவு தருவர், எப்பொழுது தருவர் என்று முன்னரே கேட்டறிதல் நாணத்தக்க செயலும் அன்று.

செய்யத்தக்கது

தமிழ்நாட்டில் நல்ல தமிழ் எழுதவல்ல ஆசிரியரும் அலுவலரும் உழவரும் பெண்டிரும் ஊர்தோறும் உள்ளனர். அவர்தம் ஊர் ஏரியையும், கைத்தொழிலையும், விதைகளையும், நோயறி முறைகளையும் அவர்போல் அறிந்தார் இதழ் அலுவலகங்களில் இலர். அவர்கள் எழுதாவிடின் அவை எழுதப்படா. எழுதியும் அனுப்பாவிடின் பெட்டியில் செல்லரிக்கும். அனுப்பியும் முறையறியாது அனுப்பினால் குப்பைக்குச் செல்லும். உரிமையறியாது அனுப்பினால் சிதைந்து வெளிவரும்.

ஆதலின் எழுதத் தெரிந்தோர் ஒவ்வொருவரும் தாம் நன்கறிந்த ஒரு பொருளைத் தேர்ந்து, தாம் நன்கு படித்த ஒரு பொது இதழுக்கு, இத்திங்களிலேயே ஒரு கட்டுரை அனுப்புக. தெளிந்த தமிழில், அளவறிந்து, காலமறிந்து அனுப்புக. மடலில் இரண்டு வரி உரிமையும் ஒரு வரி எல்லையும் எழுதுக. திரும்பி வந்தால் குறையைத் தேடித் திருத்தி, வேறோர் இதழுக்கு அனுப்புக. வெளிவந்தால் தம் சொற்கள் தம்முடையனவாகவே உள்ளனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க. மாறியிருந்தால் ஆசிரியர்க்குப் பணிவோடும் உறுதியோடும் எழுதுக.

காணாது தந்த பரிசிலை வேண்டாவென்ற புலவன் பிறந்த மொழியில் எழுதுவோர்க்குக் குனிந்து நிற்றல் அழகன்று. நிமிர்ந்து நிற்பதற்கோ, முதலில் நன்றாக எழுதியிருத்தல் வேண்டும்.